ஆய்வுக்குப் பூ கேட்டோம்

எனக்குப் பெருமை அடித்துக்கொள்ளப் பிடிக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு குறை சொல்லக் கூடாது. தன்னடக்கம் வசதியாகப் பிறந்தவர்களுக்கு அழகாக இருக்கும். தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்கள் நாமாகச் சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யாரும் வந்து சொல்லப் போவதில்லை. எம்.ஏ. சமூகவியல் கடைசிப் பருவத்தில் நானும் என் தோழியும் சேர்ந்து ஓர் ஆய்வுக்குத் திட்டம் போட்டோம். 'ஆன்மிகமும் நேரப் பயன்பாடும்' என்பது தலைப்பு. நாங்கள் அனுமதி வாங்கிய மாதிரி எங்கள் துறையில் அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆரம்பம் என் வாய்க்கொழுப்புதான். ஊட்டியில் எங்கள் கல்லூரியில் ஒரு நாள் துறைத்தலைவர் ஓய்வு நேரத்தைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், பாடமும் நன்றாகத்தான் எடுப்பார். அன்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்.

"வயித்துப் பாட்டுக்கே நேரம் பத்தாதவங்களுக்குப் பயம் இருக்கும், பக்தி இருக்கும். ஆன்மிகம் இருக்காது. அதுக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும். இப்ப எஸ்டேட் லேபரை எடுத்துக்கங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. என் அம்மா அரவேணுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள். இலங்கைத் தோட்டத்தில் இருந்த குடும்பம். அவள் கைக்குழந்தையாகக் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவள். அவளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இவர் யாரிடம் சொல்கிறார்? நான் எழுந்து நின்றேன்.

"எஸ்டேட் ஆளுங்க எத்தனை பேர்கிட்ட கேட்டுப் பாத்தீங்க சார்?"

பக்கத்தில் இருந்த தோழி என் சுடிதாரைப் பிடித்துக் கீழே இழுத்தாள். துறைத்தலைவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே, "நான் கேக்கலம்மா. நீ கேட்டுட்டு வந்து சொல்லு. அதையே புராஜெக்டா எடுத்துக்கோ" என்றார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அதுதான். புராஜெக்ட் இரண்டு பேர் சேர்ந்து செய்வது என்பதால் தோழியும் சேர்ந்து மாட்டிக்கொண்டாள். அவள் வெலிங்டன்காரி. அவள் அப்பா அங்கே ராணுவ மையத்தில் சிவிலியன் ஊழியர். பெரியவர்களிடம் 'ங்க' போடாமல் அவளால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. தெருநாயைக்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவாள் என்று நான் கிண்டல் செய்வேன். நான் சண்டைக்காரி, அவள் சமாதானக்காரி.

"உன்ற வாய்க்கு ஒரு பூட்டு வாங்கோணும்டி" என்றாள் அன்று கேன்டீனில். அதோடு விட்டுவிட்டாள். இரண்டு நிமிஷத்தில் பேனாவை எடுத்து, எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டாள். அவளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

எங்கள் திட்டத்தில் பாதி பஸ்ஸில் போட்டது. நான் குன்னூருக்கு வந்து ஊட்டி பஸ் ஏறிப் பையை வைத்து இடம் பிடிப்பேன். வெலிங்டன் ஸ்டாப்பில் அவள் ஏறுவாள். ஊட்டி போய்ச் சேருவதற்குள் ஒரு விஷயத்தை முடிவு செய்துவிடுவோம், கல்லூரியில் எங்கள் வழிகாட்டி மேடம் அதைக் கலைத்துவிடுவார். கண்டிப்பான மேடம். "ஆன்மிகம்னா என்ன, முதல்ல அதைச் சொல்லுங்க. அப்புறம் அதை எப்படி அளப்பீங்கன்னு சொல்லுங்க. இந்த ரெண்டும் இல்லாம என் ரூமுக்கு வராதீங்க" என்று சொல்லிவிட்டார். நூலகத்தில் இருந்ததையெல்லாம் படித்தோம். படிக்கப் படிக்க ஆன்மிகம் என்றால் என்ன என்பது முன்பைவிடக் குழம்பியது. நேரப் பயன்பாடு மட்டும் சுலபமாகத் தெரிந்தது. ஒரு நாளை வரிசை வரிசையாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் நேராக அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதுவது. கடைசியில் சாமி கும்பிட்டது, தியானம், பஜனை எல்லாவற்றையும் கூட்டினால் ஆன்மிகத்துக்குச் செலவான நேரம் வந்துவிடும். அப்படித்தான் நினைத்தோம்.

முன்னோட்டமாக எங்கள் லயத்தில் சில அக்காமார்களிடம் நான் கேட்டுப் பார்த்தேன். வெலிங்டனில் தன் தெருவில் அவள் கேட்டுப் பார்த்தாள். இரண்டையும் கேன்டீன் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். வெலிங்டன் தாள்களில் தியான வகுப்பு இருந்தது, வெள்ளிக்கிழமை பஜனை இருந்தது, விடியற்காலை சுலோகம் இருந்தது. எங்கள் லயத்துத் தாள்களில் காலையில் விளக்கேற்றித் திருநீறு பூசியது ஒன்று, முடிந்தது. மீதியெல்லாம் தண்ணீர் பிடித்தது, சமைத்தது, கொழுந்து எடுத்தது, விறகு பொறுக்கியது, தூங்கியது.

துறைத்தலைவர் சொன்னதுதான் சரி என்று எங்கள் தாளே சொல்லிவிட்டது. குதிரை கீழே தள்ளியது மட்டுமில்லாமல் குழியும் பறித்த கதை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"விடுடி, பாத்துக்கலாம். கேட்டதுல ஏதோ தப்பு இருக்குது" என்றாள் தோழி. அவளுக்கு எதற்கும் பதற்றம் வராது. எனக்கு அவளுக்கும் சேர்த்து வரும்.

தப்பு எங்கே என்று அந்த வாரக் கடைசியில் வீட்டில் பிடிபட்டது. அம்மா சமைத்துக்கொண்டே எங்கள் மாரியம்மன் நோன்பைப் பற்றிப் பேச்செடுத்தாள். பங்குனியில் காப்புக் கட்டு, இந்த வருஷமும் தீச்சட்டி எடுக்க வேண்டும், மஞ்சள் சேலை பழசாகிவிட்டது என்று ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் காப்புக் கட்டிவிட்டால் அவள் ஆளே வேறு. எங்கள் மலைக் குளிரில் விடியும் முன்னே பச்சைத்தண்ணீரில் தலைக்குக் குளிப்பாள். ஒரு வேளைதான் சாப்பாடு. தரையில் படுக்கை. செருப்புப் போட மாட்டாள். முக்கியமாக யாரையும் திட்ட மாட்டாள். அவளைப் போன்ற வாய்க்காரிக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமான விரதம் அதுதான் என்று லயமே சொல்லும். ஆனால் வேலைக்கு ஒரு நாள் லீவு போட மாட்டாள். வெறுங்காலோடு சரிவில் ஏறிக் கொழுந்து எடுப்பாள். பச்சைத் தேயிலைக்குள் மஞ்சள் சேலைகள் நகருவதை ரோட்டில் போகிற டூரிஸ்டுகள் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள்.

அந்த நாளில் அவளிடம் போய்க் கேட்டால் எங்கள் தாளில் என்ன வரும்? கொழுந்து எடுத்தேன் என்றுதான் வரும். ஒரு வரிசையில் ஒரு வேலையைத்தான் எழுத இடம் விட்டிருந்தோம். அந்த வேலைக்குள்ளேயே இருந்த விரதத்தை எழுத இடமே விடவில்லை. அங்கேயே தோழிக்குப் போன் போட்டேன். ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட வேண்டும், 'அதே நேரத்தில் கூடவே என்ன இருந்தது?' என்று கேட்க வேண்டும் என்றேன். சாதாரண நாளில் ஒரு முறை, காப்புக் கட்டிய நாளில் ஒரு முறை, அதே பெண்களிடம் கேட்க வேண்டும். அப்போது தெரியும், ஆன்மிகத்துக்குத் தனியாக ஓய்வு வேண்டுமா வேண்டாமா என்று.

திங்கட்கிழமை மேடத்திடம் சொன்னோம். ஒரே நேரத்தில் செய்யும் இரண்டாவது காரியத்தையும் கேட்டு எழுதுவது ஏற்கெனவே இருக்கிற முறைதான் என்று அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். எனக்குக் கொஞ்சம் சப்பென்று போனது உண்மை. ஆனாலும் நாமாகக் கண்டுபிடித்ததைப் பிறகு புத்தகத்தில் பார்ப்பதும் ஒரு சந்தோஷம்தான். புத்தகத்தை மூடிவிட்டு மேடம் சொன்னார்: "ஆனா காப்பு நாள், சாதாரண நாள்னு ஒப்பிடறது புத்தகத்துல இல்ல. அது உங்களோடது." அன்று பஸ்ஸில் நான் பேசிய பேச்சைக் கேட்டு முன்சீட்டுப் பெரியவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஒரே ஒரு சங்கடம். நோன்பு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். எங்களுக்கு அது கடைசிப் பருவம். இந்தப் பங்குனியை விட்டால் எங்களுக்கு அடுத்த பங்குனி இல்லை. காப்புக் கட்டுக்குள் ஆய்வுக்கு அனுமதி தரும் கல்லூரிக் குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும், லயத்துப் பெண்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரியைப் பற்றித்தான் நான் கவலைப்பட்டேன். லயம் என் லயம், அம்மா என் அம்மா, அங்கே என்ன பிரச்சினை வந்துவிடும்?

வந்தது. வேலை முடிந்து வந்த அம்மா, இடுப்பில் கட்டும் படங்கைக் கழற்றிக் குழாயடியில் அலசிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவள் கை நின்றது.

"சாமிக்குச் செய்றத எழுதி வைக்கிறதா? காப்புக் கையோடயா? அது கணக்காயிரும் புள்ள. ஆத்தாகிட்ட கணக்கு வெச்சுக்கக் கூடாது."

"கணக்கு இல்லம்மா. ஆராய்ச்சி."

"என்ன பேரு வெச்சா என்ன? நான் மாட்டேன். எனக்குச் செய்யணும்னு தோணுது, செய்றேன். இவ்வளவு நேரம் செஞ்சேன், அவ்வளவு நேரம் செஞ்சேன்னு சொன்னா அப்புறம் அதுல என்ன இருக்கு?"

அவள் மாட்டேன் என்றால் லயத்தில் ஒருத்தியும் மாட்டாள். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் கத்தினேன். உங்களுக்காகத்தான் வகுப்பில் எழுந்து நின்று பேசினேன், நீயே இப்படிக் காலை வாரிவிடுகிறாயே என்றேன். உன்னை யார் பேசச் சொன்னது என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாக்கு. நாங்கள் சண்டை போடும்போது அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார். அன்று முழுச் சத்தத்தில் வைத்தார்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "கட்டுற காப்பு ஆத்தாளோடது. எழுதலாம்னு நீயும் சொல்ல முடியாது, கூடாதுன்னு நானும் சொல்ல முடியாது. அவகிட்டயே பூ கேளு."

எங்கள் பக்கம் கல்யாணம் பேசுவதானாலும் சரி, வீடு மாறுவதானாலும் சரி, மனசு இரண்டுபட்டால் பூ கேட்பார்கள். அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் பூ வைத்து, விஷயத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு. இடப்பக்கப் பூ விழுந்தால் இல்லை. இல்லை என்றால் இல்லைதான். மறுபடி கேட்கிற வழக்கம் கிடையாது.

மறுநாள் பஸ்ஸில் தோழியிடம் சொன்னேன்.

"இடது பக்கம் விழுந்துட்டா என்னடி பண்ணுவே?"

"விட்டுருவேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்" என்றேன். விட மாட்டேன் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு பூ கேட்டால் அது அம்மாவையும் ஏமாற்றுவது, அம்மனையும் ஏமாற்றுவது. அப்படி ஓர் ஆய்வு செய்து ஆன்மிகத்தைப் பற்றி நான் என்ன எழுதிவிடப் போகிறேன்?

ஆகவே திட்டத்திலேயே எழுதினோம். யார் யாரிடம் அனுமதி பெறப்படும் என்ற பகுதியில் எஸ்டேட் நிர்வாகம், பங்கேற்கும் பெண்கள், அதற்குக் கீழே 'பூ கேட்டு அம்மனின் உத்தரவு'. மேடம் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "குழுவுல கேப்பாங்க. பதில் தயாரா வெச்சுக்கோ. பதில்தான், சண்டை இல்ல" என்றார்.

கேட்டார்கள். குழுவில் துறைத்தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது கட்டத்தைப் பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டினார். காப்பு நாள் ஒப்பீட்டைச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். பூ என்று வந்ததும் குழுவில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"பூ எந்தப் பக்கம் விழும்ங்கறது தற்செயல். தற்செயலை நம்பி ஒரு ஆய்வை வைக்கலாமா?" என்று கேட்டார் அவர்.

மேடம் சொன்னது நினைவிருந்தது. இருந்தும் வாய் கேட்கவில்லை. "எஸ்டேட் மேனேஜர்கிட்டயும் அனுமதி கேக்கறோம் சார். அன்னைக்கு அவருக்கு மூடு நல்லா இருந்தா குடுப்பாரு, இல்லன்னா குடுக்க மாட்டாரு. அதுக்கு மட்டும் யாரும் சிரிக்கலையே?"

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அப்போதுதான் என் தோழி எழுந்தாள். குரலை உயர்த்தாமல், நிதானமாக, அவளுடைய எல்லா 'ங்க'வோடும் சொன்னாள்: "ஏனுங்க சார், அவங்க எதை அனுமதின்னு நெனைக்கறாங்களோ, அதைத்தானுங்க நாம கேக்கோணும்? நாம அனுமதின்னு நெனைக்கறதை நாமளே கேட்டு நாமளே வாங்கிட்டா, அவங்க எங்கீங்க சம்மதிச்சாங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த நிமிஷம் நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிரும். நான் பக்கம் பக்கமாகப் பேசி முடிக்காததை அவள் இரண்டு வாக்கியத்தில் முடித்தாள். துறைத்தலைவர் பேனாவை மூடினார். இரண்டு நிபந்தனை விதித்தார். சொந்த லயத்துப் பெண்களிடம் நான் கேள்வி கேட்கக் கூடாது, தோழிதான் கேட்க வேண்டும், கேட்கும்போது நான் உள்ளே இருக்கக் கூடாது. அம்மன் உத்தரவு தராவிட்டால் நிறுத்திவிட வேண்டும். "எழுதினபடி நடக்கணும்" என்றார். நடப்போம் என்றேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். எஸ்டேட் மேனேஜரும் சரி என்றதோடு எங்களுக்குப் பூசாரிகள் எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். சாமிதான் பாக்கி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூ கேட்டோம். எங்கள் கோயில் தகரக் கூரை போட்டது. தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே இருக்கிறது. பூசாரி மற்ற நாட்களில் ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற பகுதியில் வேலை செய்கிறவர். அன்று வேட்டி கட்டி, அம்மனுக்கு அபிஷேகம் செய்து, இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டி வைத்தார். லயத்துப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். வெலிங்டனிலிருந்து தோழியும் வந்திருந்தாள். கேள்வியை அம்மாதான் கேட்டாள்.

"ஆத்தா, காப்புக் கட்டி இருக்கையில இந்தப் புள்ளைங்க வந்து எங்ககிட்ட கேட்டு எழுதணும்ங்குதுங்க. உனக்குச் சம்மதம்னா சொல்லு, இல்லேன்னாலும் சொல்லு."

அவ்வளவு நேர்மையாக அவள் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டாம் என்றுதான் இருந்தது. அதைத் தன் கேள்வியில் ஒரு துளிகூடச் சேர்க்கவில்லை.

காத்திருந்தோம். கீழே பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்து கோயில் வாசல்வரை நின்றது. தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பூவின் ஓர் இதழ் அசைந்த மாதிரிகூட இருந்தது. இடது பூ விழுந்தது.

"வேணாங்குறா" என்றார் பூசாரி.

யாரும் என்னைத் தேற்ற வரவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். "சரி, எழுத மாட்டோம்" என்றேன். கோயிலுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அம்மன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். உனக்காகத்தானே ஊட்டி வரைக்கும் போய் வாதாடினேன், உன் ஆட்களுக்கு ஆன்மிகம் இல்லை என்று சொன்னவரிடம் நீயே என்னைத் தோற்கடித்துவிட்டாயே என்று திட்டினேன். காப்புக் கட்டியிருக்கவில்லை, அதனால் திட்டலாம்.

மேடத்திடம் போய்ச் சொன்னோம். அவர் எங்களுக்குத் தேநீர் வரவழைத்தார். நோன்பு முடிந்ததும், ஊட்டிப் பூங்காவுக்கு வரும் டூரிஸ்டுகளின் ஓய்வு நேரம் என்ற ரெடிமேட் தலைப்புக்கு மாறிவிடுவது என்று முடிவானது. வகுப்பில் ஒருத்தி, "போனை ரெக்கார்டிங்ல போட்டுப் பையில வெச்சுக்கடி, யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள். அவளிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

காப்புக் கட்டினார்கள். அந்த நாட்களில் நான் கோயில் வேலையெல்லாம் செய்தேன். வாசல் தெளித்தேன், மாவிடித்தேன், தீச்சட்டிக்கு வேப்பிலை கட்டினேன். பக்கத்து லயத்து அக்கா ஒருத்தி, "என்ன புள்ள, தாளும் பேனாவும் எங்க?" என்று சீண்டிப் பார்ப்பாள். "உத்தரவு இல்லக்கா" என்பேன். அடுத்த நாளும் கேட்பாள். அடுத்த நாளும் அதையே சொல்வேன். மனசுக்குள்ளேகூட எதையும் குறித்து வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று ஆய்வு செய்கிறவர்களுக்குத் தெரியும். அம்மா வெறுங்காலோடு சரிவில் ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

தீச்சட்டி எடுத்து, மஞ்சள் நீராடி, காப்பு அவிழ்த்தார்கள். மறுநாள் காலையில் எல்லாரும் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள். நோன்பு விருந்துக்கு வந்திருந்த தோழி எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். இருவரும் உட்கார்ந்து டூரிஸ்டுகளிடம் என்ன கேட்பது என்று சுரத்தில்லாமல் பேசிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் கொழுந்தை எடை போட்டு முடித்து அம்மா வந்தாள். செருப்புப் போட்டிருந்தாள். வாசலில் நின்றபடியே, "அந்தத் தாளு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் பின்னால் அக்காமார்கள் நின்றார்கள். படங்கைக்கூட அவிழ்க்காமல் நேராக வந்திருந்தார்கள்.

"காப்புக் கட்டியிருக்கையில வேணாம்னுதான் நம்ம ஆத்தா சொன்னா. இப்ப அவுத்தாச்சு" என்றாள் அம்மா. "நேத்து முந்தாநேத்து நடந்தது எங்களுக்கு மறந்தா போச்சு? கேக்கச் சொல்லு."

என்னைச் சீண்டிக்கொண்டே இருந்த அக்கா முன்னால் வந்தாள். "நீ எங்கிட்டாச்சும் ஒளிச்சு வெச்சு எழுதுவேன்னுதான் நெனச்சோம். சொன்ன சொல்லுல நின்னுட்ட. அதான் வந்தோம்" என்றாள்.

பரீட்சையில் நான் முதலாவதாக வந்திருக்கிறேன். மேடையில் பரிசு வாங்கியிருக்கிறேன். அந்த வாசலில் அவர்கள் நின்றது மாதிரி எதுவும் இல்லை. தோழி உடனே மேடத்துக்குப் போன் செய்தாள். நடந்து முடிந்த நாளை நினைவுபடுத்திக் கேட்பதும் ஒரு முறைதான், திட்டத்தில் அந்தப் பகுதியை மட்டும் மாற்றி எழுதிக் குழுவிடம் காட்டிவிடலாம், இன்று கேட்பதை முன்னோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் மேடம். அவர் குரலில் சிரிப்பு இருந்தது.

எனக்கு மட்டும் ஒரு பயம். "திரும்பப் பூ கேக்கணுமாம்மா?" என்றேன்.

அம்மா தன் மணிக்கட்டைக் காட்டினாள். காப்பு இருந்த இடத்தில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது. "இந்தக் கைக்கு இப்ப நான்தான் உத்தரவு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ வெளிய போ. உங்க காலேஜுல அப்படித்தானே சொன்னாங்க?" என்றாள்.

போனேன். குழாயடிக் கல்லில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினாலும் லயத்துச் சுவருக்கு ரகசியம் தெரியாது. தோழி ஒவ்வொரு வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனது கேட்டது. அம்மா முதலில் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். போகப் போகக் குரல் திடமானது. கடைசிக் கேள்வியை எழுதியவள் நான்தான், எந்த இடத்தில் வரும் என்று எனக்குத் தெரியும்.

"ஏனுங்கம்மா, விரதம் இருந்த நாள்ல அதுக்கு நேரம் வேணும்னு எந்த வேலையையெல்லாம் விட்டீங்க?"

அம்மா பதில் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. வெளியே இருந்த எனக்குக் கேட்கவேண்டும் என்றே பேசினாள்.

"எத விடறது? கொழுந்தும் எடுத்தேன், வெரதமும் இருந்தேன். அதுக்காக இதயும் விடல, இதுக்காக அதயும் விடல. எழுதிக்கம்மா. நல்லாப் பெருசா எழுதிக்க."